பெயர் அதே, காணி புதிது

கொக்குவிலில் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: “கொம்பியூட்டருக்குப் புதிதாக விண்டோஸ் அடித்தேன். கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவிட்டேன். ஆனால் கல்வெட்டு (இறந்தவர் நினைவு மலர்) அடிப்பதற்காக லிப்ரே ஒஃபிஸில் சேர்த்த ஊர்ப்பெயர் அகராதி போய்விட்டது. அது எங்கே இருந்தது?”

அவருடைய பயனர் கோப்புறைக்குள்தான். ஆப்டேட்டா, ரோமிங், லிப்ரே ஒஃபிஸ், 4, யூசர் என்று உள்ளே போனால், அகராதி இருக்கும் வேர்ட்புக் கோப்புறை கிடைக்கும். மென்பொருள் எல்லோருக்கும் பொது, திரும்பவும் நிறுவலாம். அமைப்புகள் (செட்டிங்ஸ்) உங்களுடையவை, அதனால் உங்கள் கணக்கின் கீழ். லினக்ஸில் இதற்குப் பெரும்பாலும் புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் கோப்புறை, மாக்கில் லைப்ரரி.

சரி, எங்கே என்பதைவிட, மென்பொருள் அந்தக் கோப்புகளை எப்படி எழுதுகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த கதை. 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, நினைவிருக்கிறதா? அவசரமாக எழுதப்பட்ட மென்பொருள், பழைய கோப்பை வெறுமையாக்கிவிட்டுப் புதியதை எழுதத் தொடங்கும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் இரண்டும் இல்லை.

நல்ல மென்பொருள் பழையதைத் தொடாது. பக்கத்தில் வேறு பெயரில் முழுவதையும் எழுதி, பிறகு பழையதன் பெயரை அதற்குச் சூட்டும். கோப்புறை என்பது பெட்டி அல்ல, ஒரு பதிவேடு: ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் தரவைக் காட்டும் எண். பெயர் மாற்றும்போது தரவில் ஓர் எழுத்தும் அசையாது, அந்த எண் மட்டுமே மாறும். காணி உறுதி மாதிரித்தான், ஆனால் தலைகீழ்: பெயர் அதே, காணி புதிது. அதனால் கரண்ட் எப்போது போனாலும் பழையது முழுதாக இருக்கும், அல்லது புதியது முழுதாக இருக்கும்.

ஒரு நிபந்தனை உண்டு. பெயர் மாற்றுமுன் தரவு உண்மையாகவே டிஸ்க்கில் இறங்கியிருக்க வேண்டும். இயங்குதளம் அதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு தாமதிக்கும். 2009இல் லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் இதனாலேயே பலருடைய அமைப்புக் கோப்புகள் பூச்சிய அளவாகின. சரஸ்வதி பூசைக்குக் கணினிக்குச் சந்தனம் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் இதற்கு அது உதவாது.

காப்புப்பிரதிக்கு, மென்பொருளை மூடிவிட்டு அந்த யூசர் கோப்புறையை அப்படியே கொப்பி பண்ணுங்கள். ஒரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். அமைப்புகளைத் தனிக் கோப்புறையில் வைக்காமல் விண்டோஸின் பொதுப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் போடும் மென்பொருள்களுக்கு இது போதாது, எக்ஸ்போர்ட் செய்யவேண்டும். எனக்கு அவற்றில் பிரியமில்லை.

கொக்குவில் நண்பரே, டிஸ்க்கை ஃபோர்மட் பண்ணாமல் அடித்திருந்தால் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் என்று ஒன்று இருக்கும். அதற்குள் யூசர்ஸைத் திறந்து, மேலே சொன்ன வழியில் போங்கள். இன்றைக்கே பாருங்கள், விண்டோஸ் அதைச் சில நாளில் தானே அழித்துவிடக்கூடும்.