கல்லுக்கு முன்னால் பள்ளம் விழுவது ஏன்?

மீன் தொட்டியில் மணல் போட்ட நாளிலிருந்து வாசகி ஒருவருக்கு நிம்மதி இல்லை. கொளத்தூரில் வாங்கிய இரண்டடித் தொட்டி. அடியில் இரண்டு அங்குலத்துக்கு மணல், நடுவில் உள்ளங்கை அளவில் ஒரு கருங்கல். இரவில் மணலை நிரவிவிட்டுப் படுத்தால், காலையில் கல்லைச் சுற்றிப் பள்ளம். ஒரு மூலையில் மணல் மேடு. கல்லும் சாய்ந்திருக்கிறது. வளர்ப்பது நியான் டெட்ரா, மணலைக் கிளறும் மீன் இல்லை. “தொட்டியை வடகிழக்கு மூலைக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு மாமி. மாற்றட்டுமா?” என்று கேட்கிறார்.

தாராளமாக மாற்றுங்கள். பள்ளமும் கூடவே வரும்.

ஃபில்டர் பெட்டியில் மணிக்கு 800 லிட்டர் என்று போட்டிருக்கிறதாம். அவ்வளவு நீர் 12 மி.மீ. குழாய் வழியாக வெளியேறினால் அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர். அரை மி.மீ. மணலை உருட்ட விநாடிக்குச் சுமார் 20 செ.மீ. ஓட்டமே போதும். நீர்த்தாரை விரிந்து தளர்ந்தாலும், எதிர்க் கண்ணாடியில் மோதி இறங்கும்போது மணலை அள்ளுகிறது. வேகம் அடங்கும் மூலையில் போட்டுவிடுகிறது. மூலை மேட்டின் கதை அவ்வளவுதான்.

கல்லடிப் பள்ளம் அப்படியல்ல. அங்கே மணலைத் தோண்டுவது ஃபில்டர் என்பதைவிடக் கல் என்பதே பொருத்தம்.

தரையை ஒட்டி ஓடும் நீர் மணலில் உரசி மெதுவாகப் போகிறது. சற்று மேலே ஓடுவது வேகமாகப் போகிறது. இரண்டும் கல்லின் முகத்தில் மோதி நிற்கின்றன. வேகமாக வந்த நீர் நிற்கும் இடத்தில் அழுத்தம் அதிகம், மெதுவாக வந்தது நிற்கும் இடத்தில் குறைவு. ஆகவே கல்லின் முகத்தில் மேலே அழுத்தம் கூடுதல், கீழே குறைவு. நீர் வேறெங்கே போகும்? கல்லை ஒட்டியபடி செங்குத்தாகக் கீழே பாய்கிறது. மணலில் முட்டி, வந்த வழியே திரும்பி, பின்னால் வரும் ஓட்டத்தில் சிக்கிச் சுருண்டுகொள்கிறது. பாய் சுருட்டியது போன்ற அந்தச் சுழல், கல்லின் இரு பக்கமும் வளைந்து நீண்டு மாட்டு லாடத்தின் வடிவம் எடுக்கிறது. லாடச் சுழல் என்றே அதற்குப் பெயர்.

நம்பாவிட்டால் மீன் தீனியில் ஒரு சிட்டிகையைப் பொடித்து ஊறவைத்து, கல்லுக்கு ஒரு விரல் முன்னால் தரையோரமாக விட்டுப் பாருங்கள். மேலே இருக்கும் துகள்கள் கல்லை நோக்கிப் போகும். மணலை ஒட்டிய துகள்கள் ஓட்டத்தை எதிர்த்துப் பின்னால் ஊரும். நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது மீன்களை மறந்து அரைமணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். இந்தச் சுழலின் உபயத்தால், வெறும் மணலை அசைக்கத் தேவையான வேகத்தில் ஏறக்குறையப் பாதி இருந்தாலே கல்லடி மணல் கிளம்பிவிடும். பள்ளம் முன்பக்கம் ஆழமாக விழுவதால், கல் நீர் போகும் பக்கம் சாயாமல் நீர் வரும் பக்கமே தலை குனிகிறது.

கல்லணையின் அடித்தளம் இப்படித்தான் இறங்கியது என்பார்கள். மணலில் போட்ட கல், அடிமண் அரிக்க அரிக்கப் புதையும். அதன் மேல் அடுத்த கல். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போட, கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றோம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் எழுதியதை வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு நான்கு முறையாவது பெற்றுவிடுகிறேன். அரிப்பு ஏன் நடக்கிறது என்று ஒருவரும் ஒரு வரி சேர்ப்பதில்லை. 2018 ஆகஸ்டில் திருச்சியில் கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சரிந்தன. பாலத் தூண்களின் அடியில் தோண்டுவதும் இதே லாடச் சுழல்தான். மணல் படுகையில் மாதிரி அமைத்து நீர் விட்டுப் பார்க்கும் ஆய்வுக்கூடம் திருவள்ளூர் மாவட்டத்துப் பூண்டியில் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பழம்பெருமைக்கு விழா எடுக்கும் பணத்தில் கொஞ்சம் அங்கே போகலாம்.

சரி, தொட்டிக்கு வருவோம். உங்கள் தொட்டி 55 லிட்டர் பிடிக்கும். மணிக்கு அதன் நான்கைந்து மடங்கு நீர் சுற்றினால் போதும். 800 மிக அதிகம். வேகம் குறைக்கும் திருகு இருந்தால் குறையுங்கள். இல்லையென்றால் ஓட்டை போட்ட குழாயை மாட்டித் தாரையைப் பல தாரைகளாகப் பிரித்து, நீர்ப்பரப்பை நோக்கித் திருப்புங்கள். ஆக்ஸிஜன் கரைவதும் அங்கேதான். உறிஞ்சும் வாய் மணலுக்கு மூன்று விரற்கடை மேலே இருக்கட்டும்; மணலை நிரவும்போது ஃபில்டரை அணைத்துவிடுங்கள், மோட்டாருக்குள் மணல் புகுந்தால் தேய்ந்துவிடும். கல்லை எடுத்து, மணலை ஒதுக்கி, அடிக் கண்ணாடியிலேயே ஆடாமல் உட்கார்த்திவிட்டு மணலைச் சுற்றிப் போடுங்கள். பள்ளம் கொஞ்சம் விழத்தான் செய்யும், கல் சாயாது.