ஆயிரத்தொன்றில் ஒரு பங்கு: 1953-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு நிறம் வந்த கணக்கு

காணொளி தொகுக்கும் மென்பொருளில் நொடிக்கு எத்தனை பிரேம் என்று தேர்வு செய்யும் இடத்தில் 24, 25, 30 என்ற முழு எண்களுக்கு நடுவே 29.97 என்ற எண் எதற்காக நிற்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த எண்ணில் எடுத்தால் படத்துக்குத் தனி மெருகு வரும் என்று தன் நண்பர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறார். மெருகுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. 1953-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்க அரசு வண்ண ஒளிபரப்புக்கு ஒப்புதல் அளித்தபோது, பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் ஒரு மெல்லிய கோலம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகப் பொறியாளர்கள் செய்த ஒரு சிறு கழித்தலின் எச்சம் அது.

தொலைக்காட்சி வரலாற்றை எழுதுகிறவர்கள் 1953 என்றதும் பெரும்பாலும் ஜனவரி மாதத்தைத்தான் நினைவுகூர்வார்கள். ஒரு நகைச்சுவைத் தொடரின் நாயகிக்குக் குழந்தை பிறந்த அத்தியாயத்தை 4 கோடிக்கும் அதிகமானோர் பார்த்ததும், மறுநாள் ஐசனோவர் அதிபராகப் பதவியேற்றது நேரலையில் வந்ததும் அந்த மாதத்தில்தான். இந்தக் கட்டுரைக்கு வேண்டியது ஆண்டின் மறுமுனை.

அடிப்படையை விரைவாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் 1941-இல் ஏற்கப்பட்ட கறுப்பு வெள்ளைத் தரத்தின்படி ஒரு முழுப்படம், அதாவது ஒரு பிரேம், 525 வரிகளால் ஆனது. நொடிக்கு 30 முழுப்படங்கள் வரையப்படும். முதலில் ஒன்றுவிட்டு ஒரு வரியாகவும், பிறகு விடுபட்ட வரிகளாகவும் இரண்டு அரைப்படங்களாக அவை வரையப்பட்டதால் திரை நொடிக்கு 60 முறை ஒளிர்ந்தது. 525-ஐ 30-ஆல் பெருக்கினால் நொடிக்கு 15,750 வரிகள். ஒவ்வொரு நிலையத்துக்கும் 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள இடம் தரப்பட்டது. அதில் படத்துக்கு ஏறத்தாழ 4.2 மெகாஹெர்ட்ஸ் போக, படத்தின் ஊர்தி அலைக்கு (படத்தைச் சுமந்து செல்லும் வானொலி அலைக்கு) சரியாக 4.5 மெகாஹெர்ட்ஸ் மேலே ஒலியின் ஊர்தி அலை அமர்ந்திருந்தது. இந்த 4.5 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்துக்கான முதல் முயற்சி அரசின் கையொப்பத்துடனேயே தோற்றது. சி.பி.எஸ். ஒளிபரப்பு நிறுவனத்தின் பீட்டர் கோல்ட்மார்க், படக்குழாயின் முன்னால் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித் தாள்கள் பதித்த வட்டத் தட்டு ஒன்றை நிமிடத்துக்கு 1,440 சுற்று வேகத்தில் சுழலவிட்டு, மூன்று நிறங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் நொடிக்கு 144 அரைப்படங்கள், படத்துக்கு 405 வரிகள் என்ற அந்த முறையில் வந்த ஒளிபரப்பை ஏற்கெனவே வீடுகளில் இருந்த பெட்டிகளால் கறுப்பு வெள்ளையில்கூடக் காட்ட முடியாது. அப்படியிருந்தும் எஃப்.சி.சி. எனப்படும் தகவல்தொடர்பு ஆணையம் 1950 அக்டோபரில் அதையே தேசியத் தரமாக ஏற்றது. போட்டி நிறுவனமான ஆர்.சி.ஏ. உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 1951 ஜூன் 25 அன்று சி.பி.எஸ். வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோது, நாட்டில் ஒரு கோடிக்கும் அதிகமான பெட்டிகள் இருந்தும், அதைக் காணக்கூடிய பெட்டிகள் மிகச் சிலவே இருந்தன. கொரியப் போரைக் காரணம் காட்டி அக்டோபரில் வண்ணப் பெட்டிகளின் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது சி.பி.எஸ். பெரிதாக வருந்தியதாகத் தெரியவில்லை. 1953 மார்ச்சில் அதைத் தொடரும் எண்ணமில்லை என்று வெளிப்படையாகவே கைவிட்டது.

இதற்கிடையே, 1941-இன் தரத்தை வகுத்த என்.டி.எஸ்.சி. என்ற தொழில்துறைக் குழு, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பேக்கர் தலைமையில் மீண்டும் கூடியிருந்தது. அது தனக்கு விதித்துக்கொண்ட நிபந்தனைகள் கடுமையானவை. புதிய வண்ண ஒளிபரப்பு பழைய பெட்டியில் கறுப்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும். பழைய ஒளிபரப்பு புதிய பெட்டியிலும் தெரிய வேண்டும். 6 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓர் அங்குலமும் கூடுதலாகக் கிடைக்காது.

முதல் நிபந்தனைக்கு வழி ஏற்கெனவே இருந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் வாலான்சி 1938-இலேயே, மூன்று நிறங்களை மூன்றாக அனுப்பாமல், ஒளிர்வைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் பிரித்து அனுப்பலாம் என்று காப்புரிமை கோரியிருந்தார். பச்சையில் 59 பங்கு, சிவப்பில் 30 பங்கு, நீலத்தில் 11 பங்கு என்று கூட்டினால் மனிதக் கண் உணரும் ஒளிர்வு கிடைக்கிறது. பழைய பெட்டிக்கு அது ஒன்றே போதும். நிறத்தைப் பொறுத்தவரை நம் கண் நுணுக்கம் பார்ப்பதில்லை. ஒரு புடவையின் கரையில் இழையின் விளிம்பை ஒளிர்வைக் கொண்டுதான் கூர்மையாக அறிகிறோம், நிறம் சற்றுக் கலங்கி வழிந்திருந்தாலும் தெரியாது. ஆகவே நிறத்துக்கு ஒளிர்வைவிட மிகக் குறுகிய இடமே போதும். ஆனால் அந்தக் குறுகிய இடமும் எங்கே இருக்கிறது? 4.2 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் ஒளிர்வே அடைத்துக்கொண்டிருக்கிறதே.

அடைத்துக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பியர் மெர்ட்ஸும் ஃபிராங்க் கிரேயும் 1934-இல், படத்தை வரிவரியாக வருடி அனுப்பும்போது உண்டாகும் மின்குறிப்பில் எந்தெந்த அதிர்வெண்கள் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். எந்தப் படத்திலும் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் வேறுபாடு மிகக் குறைவு. எனவே வரிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 15,750 முறை, ஏறக்குறைய அதே குறிப்பு திரும்பத் திரும்ப வருகிறது. இழுத்துக் கட்டிய கம்பியில் அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகள் மட்டுமே எழுவதைப் பள்ளியில் படித்திருப்போம். திரும்பத் திரும்ப வரும் எந்த அலைக்கும் அதே விதிதான். ஆகவே ஒளிர்வின் ஆற்றல் 15,750, 31,500, 47,250 என்று முழு மடங்குகளைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகக் குவிகிறது. இரண்டு கொத்துகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நிரம்பி வழிவதாக எல்லோரும் நினைத்த அலைக்கற்றைக்குள் நூற்றுக்கணக்கான சிறு இடைவெளிகள் காலியாகக் கிடந்தன.

நிறமும் அதே வரிகளில் வருடப்படுவதுதான்; ஆகவே அதன் ஆற்றலும் வரி அதிர்வெண் இடைவெளியில் கொத்துகளாகவே விழும். நிறத்தைச் சுமக்கும் துணை ஊர்தி அலையை ஒளிர்வின் இரண்டு கொத்துகளுக்குச் சரியாக நடுவில் நிறுத்திவிட்டால், நிறத்தின் எல்லாக் கொத்துகளும் ஒளிர்வின் இடைவெளிகளில் தாமாகவே போய் அமர்ந்துகொள்ளும். நடுவில் நிறுத்துவது என்றால், துணை ஊர்தி அலையின் அதிர்வெண் வரி அதிர்வெண்ணில் பாதியின் ஒற்றைப்படை மடங்காக இருக்க வேண்டும். குழு தேர்ந்தெடுத்த மடங்கு 455. அதாவது ஒரு வரி வரையப்படும் நேரத்துக்குள் துணை ஊர்தி அலை இருநூற்று இருபத்தேழரை முறை அதிர்கிறது.

அந்த அரை அதிர்வு திரையில் செய்யும் வேலையை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பழைய பெட்டிக்கு நிறம் என்றால் என்னவென்று தெரியாது; துணை ஊர்தி அலையையும் அது ஒளிர்வாகவே எடுத்துக்கொண்டு, செறிந்த நிறமுள்ள இடங்களில் வரி நெடுக வெளிச்சப் புள்ளி, இருட்டுப் புள்ளி என்று மாறி மாறி வரையும். வரிக்கு முழு எண்ணிக்கையில் அதிர்வுகள் இருந்தால், புள்ளிக்கு நேர்கீழே புள்ளி விழுந்து, படத்தின் மேல் செங்குத்துக் கோடுகள் கம்பிக்கதவு போல அசையாமல் நிற்கும். அரை அதிர்வு கூடுதலாக இருப்பதால், அடுத்து வரையப்படும் வரியில் வெளிச்சப் புள்ளிகள் மேல்வரியின் இருட்டுப் புள்ளிகளுக்குக் கீழே விழுகின்றன. வாசலில் ஊடுபுள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைப்பது இப்படித்தான். இத்துடனும் முடியவில்லை. ஒரு முழுப்படத்தில் 525 வரிகள், 525-உம் ஒற்றைப்படை. 227.5-ஐ 525-ஆல் பெருக்கினால் 1,19,437.5 என்று மீண்டும் ஓர் அரை மிஞ்சுகிறது. ஆகவே அடுத்த முழுப்படத்தில் அதே வரி வரும்போது, முன்பு வெளிச்சப் புள்ளி இருந்த இடத்தில் இருட்டுப் புள்ளி விழுகிறது. பதினைந்தில் ஒரு நொடிக்குள் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, கண் இரண்டையும் சராசரியாக்கிக் கொள்கிறது. நிறம் பழைய பெட்டியின் திரையில் இருந்துகொண்டே பார்வைக்கு அகப்படாமல் போகிறது. ஒரு அரையை வைத்துக்கொண்டு இடத்திலும் காலத்திலும் இரண்டு முறை மறைவதைப் போன்ற சிக்கனத்தை மின்னணுவியலில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

(முழுமையாக மறைந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. நுணுக்கமான கட்டம் போட்ட கோட்டு அணிந்தவர் திரையில் வந்தால், அந்தக் கட்டங்களின் அதிர்வெண் நிறத்துக்கான இடத்தில் விழுந்து, கோட்டின் மேல் வானவில் நெளியும். செய்தி வாசிப்பவர்கள் கட்டம் போட்ட துணியைத் தவிர்த்ததற்கு இதுவே காரணம்.)

இப்போது 4.5-க்கு வருவோம். பெட்டிக்குள் ஒலியின் ஊர்தி அலையும் நிறத்தின் துணை ஊர்தி அலையும் கலந்தால், அவற்றின் வேறுபாட்டுக்குச் சமமான ஒரு புதிய அலை பிறந்து, படத்தின் மேல் தானும் ஒரு கோலம் போடும். அந்தக் கோலமும் கண்ணுக்கு மறைய வேண்டுமானால், அந்த வேறுபாடும் வரி அதிர்வெண்ணின் ஏதோ ஒரு முழு எண்ணுடன் அரை சேர்ந்த மடங்காக இருக்க வேண்டும். பழைய எண்களைப் போட்டுப் பார்த்தால் 45,00,000 ஹெர்ட்ஸை 15,750-ஆல் வகுக்க 285.71 வருகிறது, அதில் 227.5-ஐக் கழித்தால் 58.21. கோலம் தெரியும். 285.71-க்குப் பதில் 286 வந்திருந்தால் வேறுபாடு சரியாக 58.5 ஆகியிருக்கும்.

அதற்கு இரண்டு வழிகள். ஒலியை 4.5-லிருந்து 4.5045 மெகாஹெர்ட்ஸுக்கு நகர்த்தலாம். ஆனால் ஏறத்தாழ 2 கோடிப் பெட்டிகளின் ஒலிச்சுற்று 4.5-க்கு இசைக்கப்பட்டிருந்தது. அல்லது ஒலியைத் தொடாமல், வரி அதிர்வெண்ணை அதே விகிதத்தில் குறைக்கலாம். பெட்டிகள் வரும் குறிப்பைப் பின்தொடர்ந்து தம்மைத் தாமே ஒத்திசைத்துக் கொள்பவை. ஆயிரத்தொன்றில் ஒரு பங்கு குறைவை அவை பொருட்படுத்தாது. குழு இரண்டாவது வழியைத் தேர்ந்தது. 45,00,000-ஐ 286-ஆல் வகுத்தால் நொடிக்கு 15,734.27 வரிகள், அதை 525-ஆல் வகுத்தால் 29.97 முழுப்படங்கள், 227.5-ஆல் பெருக்கினால் துணை ஊர்தி அலை 35,79,545 ஹெர்ட்ஸ். 1,001 என்ற எண்ணுக்கு எண் சோதிடர்கள் என்ன பலன் சொல்வார்களோ தெரியாது. 286-ஐ 15,750-ஆல் பெருக்கினால் 45,04,500 வருகிறது, அது 45 லட்சத்தின் 1.001 மடங்கு என்பதைத் தவிர அதில் மறைபொருள் எதுவும் இல்லை.

துணை ஊர்தி அலை நிறத்தைச் சுமக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொன்னால், அலையின் வீச்சு நிறம் எவ்வளவு செறிவானது என்பதையும், அதன் கட்டம் (அலையின் ஏற்ற இறக்கம் எந்தக் கணத்தில் நிகழ்கிறது என்பது) அது எந்த நிறம் என்பதையும் குறிக்கின்றன. கட்டத்தை எதனுடன் ஒப்பிட்டு அளப்பது? ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும், திரையில் தெரியாத ஓரத்தில், எட்டு ஒன்பது அதிர்வுகள் மட்டுமே கொண்ட ஒரு மாதிரி அலை அனுப்பப்பட்டது. பெட்டிக்குள் சீராக அதிரும் படிகம் அதனுடன் ஒத்திசைந்து வரி முடியும்வரை கட்டம் தவறாமல் ஓட வேண்டும். வழியில் கட்டம் கொஞ்சம் பிசகினால் முகங்கள் பச்சையாகின. அமெரிக்கப் பெட்டிகளில் நிறச்சாயலைத் திருத்தத் தனித் திருகு இருந்தது அதனால்தான். பிற்பாடு ஜெர்மனியில் வால்டர் புரூக் இதன் ஒரு பகுதியை வரிக்கு வரி தலைகீழாக்கி இந்தப் பிழையைத் தீர்த்த பால் (PAL) முறையைத்தான் 1982-இல் இந்தியா ஏற்றது. அதனால் நம்முடைய 25, முழு எண்ணாகவே தப்பியது.

1953 டிசம்பர் 17 அன்று எஃப்.சி.சி. தன் பழைய முடிவை மாற்றி இந்தத் தரத்துக்கு ஒப்புதல் அளித்தது. இரண்டு வாரத்தில், 1954 புத்தாண்டு நாளன்று, பாசடீனா ரோஜா அணிவகுப்பை என்.பி.சி. ஒளிபரப்பு நிறுவனம் நாட்டின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை நிறத்தில் ஒளிபரப்பியது. அந்த ஆண்டு ஆர்.சி.ஏ. விற்ற 15 அங்குல வண்ணப் பெட்டியின் விலை 1,000 டாலர், ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் ஏறத்தாழ கால் பங்கு. மக்கள் அவசரப்படவில்லை, மாலை நேர நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நிறத்துக்கு மாறவே 1965 ஆயிற்று.

என் கருத்தைச் சொல்ல வேண்டுமானால், இந்த வெற்றியின் பெரும்பங்கு 1934-இன் ஆய்வுக்கே உரியது. ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகத்தில், வண்ணத் தொலைக்காட்சியை யாரும் கேட்காத காலத்தில், இரண்டு பேர் வருடலின் கணிதத்தை மட்டும் தெளிவாக்கி வைத்தார்கள். இன்று நம் ஆய்வு நிதிக் குழுக்களின் முன் அதே முன்மொழிவை வைத்தால், மூன்றாண்டில் என்ன பொருள் சந்தைக்கு வரும் என்ற முதல் கேள்வியிலேயே அது விழுந்துவிடும்.

கழித்த அந்தச் சிறு பங்கு பிறகு பலரிடம் வட்டி வாங்கியது. நொடிக்கு 30 என்று பிரேம்களுக்கு எண்ணிட்டால் ஒரு மணி நேரத்தில் எண் 108 பின்தங்கிப் போய், கடிகாரத்துடன் 3.6 நொடி பிசகும். விளம்பரத்தை நொடிக்கணக்கில் விற்கும் நிலையத்துக்கு அது பெரிய தொகை. ஆகவே ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்களைத் தாண்டிவிடும் முறை வந்தது, பத்தாவது நிமிடங்களில் மட்டும் தாண்டாமல். மணிக்கு 54 முறை இரண்டிரண்டாக, சரியாக 108. தாண்டப்படுவது எண்கள்தான், படம் ஒன்றும் தொலைவதில்லை.

வண்ணப் பெட்டிகளுக்காக இலட்சக்கணக்கில் வெட்டப்பட்ட அந்த அதிர்வெண் படிகங்கள் மிகவும் மலிவாகக் கிடைத்ததால், தொலைக்காட்சிக்குத் தொடர்பில்லாத இடங்களுக்கும் அந்த எண் பரவியது. 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் முதன்மைப் படிகம் துணை ஊர்தி அலையின் நான்கு மடங்கான 14.318 மெகாஹெர்ட்ஸ். அதை மூன்றால் வகுத்துத்தான் அதன் செயலிக்கு 4.77 மெகாஹெர்ட்ஸ் என்ற விசித்திரமான வேகம் வந்தது.

அமெரிக்காவில் முழுத்திறன் நிலையங்களின் பழைய முறை ஒளிபரப்பு 2009 ஜூன் 12 அன்று நின்றது. இலக்கமுறையில் துணை ஊர்தி அலையும் இல்லை, மறைக்க வேண்டிய கோலமும் இல்லை. முழுமையான 30-க்கும் 60-க்கும் புதிய தரம் இடம் தருகிறது. ஆனால் சேமிப்பில் உள்ள நிகழ்ச்சிகளும் நிலையங்களின் கருவிகளும் 1,001-ஐச் சுமந்தே வந்ததால், நிலையங்கள் 29.97-இலும் 59.94-இலுமே நிலைத்துவிட்டன. அங்கே நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகளை (ஒலியை அளந்தெடுத்த எண்களை) ஒரு பிரேமுக்குப் பகிர்ந்தால் 1,601.6 என்று வருகிறது. அரைகுறை மாதிரியை அனுப்ப முடியாது என்பதால், ஐந்து பிரேம்களுக்கு ஒருமுறை 8,008 என்று கணக்கு நேராகும்படி, 1,601-உம் 1,602-உமாகக் கலந்து அனுப்புகிறார்கள்.