காக்காப்பொன் உடைத்த பாறையில் திராட்சை வேர்

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை காய்த்துக் குலுங்குகிறது. எங்கள் செம்மண்ணில் பந்தல் போட்டால் வருமா?” ஒரே பட்டா நிலத்தில் மேட்டில் வரலாம், பள்ளத்தில் வராமல் போகலாம். அதை முடிவு செய்வது ஆறடி ஆழத்தில் இருக்கும் மண்.

தட்பவெப்பத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். நம் ஊர்க் கொடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. கவாத்து செய்துதான் துளிர்க்கவும் பூக்கவும் வைக்கிறோம். ஐப்பசி மழையில் அடிச்சாம்பல் நோய் வரும், மருந்தடிக்க வேண்டும்.

ஓசூரில் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பீடபூமி, சூளகிரி வழியாக இறங்கிக் கிருஷ்ணகிரியில் 500 மீட்டர் அளவுக்கு வந்துவிடுகிறது. அடியில் கிடப்பது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுள்ள நைஸ் (gneiss) பாறை, அதாவது பூமிக்கடியில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை. குவாரியில் அறுத்த பலகையில் வெள்ளைப் பட்டையும் கறுப்புப் பட்டையும் மாறி மாறி ஓடும். வெள்ளை, ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்னும் கனிமங்கள். கறுப்பில் மினுக்குவது பயோடைட் என்னும் காக்காப்பொன்.

எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காதது இந்தக் கனிமத்தின் வேலைதான். அது மெல்லிய ஏடுகளாக அடுக்கப்பட்டது. ஏடுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது பொட்டாசியம். மழைநீர் இறங்க இறங்கப் பொட்டாசியம் வெளியேறுகிறது, அந்த இடத்தில் நீர் புகுகிறது, உள்ளிருக்கும் இரும்பு ஆக்ஸிஜனேற்றம் அடைகிறது. நனைந்த நோட்டுப் புத்தகம் உப்புவதுபோல் ஏடுகள் விலகுகின்றன. 10 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி 14 ஆகிறது (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). அணு அளவில் நடக்கும் இந்த உப்பல், பக்கத்து ஃபெல்ட்ஸ்பாரையும் குவார்ட்ஸையும் நெம்பிப் பிளந்துவிடுகிறது! கடப்பாரைக்கு மசியாத பாறை, கையால் உதிர்க்கக்கூடிய சரளையாகிறது. வெளியேறிய பொட்டாசியம் பயிருக்கு உணவு. இரும்பு மண்ணுக்குச் செந்நிறம்.

திராட்சை வேருக்கு நீரோடு காற்றும் வேண்டும். சரளையில் மழைநீர் வடிந்துவிடும், விரிசல் வழியே வேர் ஆழம் போகும். களிமண்ணில் நீர் தேங்கினால் வேர் அழுகும். ஈரமும் தழைச்சத்தும் மிஞ்சினாலோ கொடி இலையாகவே ஓடும். பந்தலுக்குள் நிழல் விழும். வெயில் படாத மொட்டு அடுத்த போகத்தில் சரியாகக் காய்க்காது. பாறையின் சுவை பழத்தில் இறங்கும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. மண் பழத்தை மாற்றுவது பெரும்பாலும் நீரின் வழியாகத்தான்.

மேட்டிலிருந்து மழை நுண்துகளை அரித்துக் கொண்டுபோய் ஏரிப் பக்கம் சேர்க்கிறது. மேட்டில் சரளையும் பள்ளத்தில் களியும் இருப்பது அதனால்தான்.

பாறை இப்படிச் சிதைவதற்கு ஒரு விலையும் உண்டு. பயோடைட்டுக்குள் ஃப்ளூரைடும் இருக்கிறது. சிதையும்போது அதுவும் நிலத்தடி நீரில் கலக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களின் பற்களில் பழுப்புக் கறை ஏற்றியது அந்த நீர்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் அதனால்தான். இப்படிப்பட்ட நீரில் பெரும்பாலும் சோடியம் மிகுந்து கால்சியம் குறைந்திருக்கும். பாய்ச்சப் பாய்ச்ச, களித்துகள் பிரிந்து மண்ணின் துளைகளை அடைத்துவிடும்.

போர் போடுமுன் தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவருக்குப் பணம் கொடுக்கிறோம். தேங்காய் நிமிர்வதற்கும் அடியில் நீர் இருப்பதற்கும் தொடர்பே இல்லை. அந்தப் பணத்தில் ஆறடிக் குழி வெட்டிப் பார்க்கலாம். மேல்மண் அரையடியைச் சோதித்து மண்வள அட்டை கொடுப்பதோடு அரசும் நிற்கக்கூடாது; ஊர்தோறும் ஆழக்குழி ஆய்வுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

பர்கூர் நண்பர் மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என இரண்டு குழி வெட்டட்டும். குழியின் சுவர் மினுமினுப்போடு பொலபொலவென்று உதிர்கிறதா என்று பாருங்கள். பிறகு நீர் நிரப்பி, மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். வடிந்திருந்தால், போர் நீரையும் சோதித்த பிறகு பந்தல்கால் நடலாம். தேங்கி நின்றால் அங்கே திராட்சை வேண்டாம்.