சொல் விளக்கம்: மார்கரீட்டா

டெக்கீலா என்ற மெக்சிகோ மது, ஆரஞ்சுத் தோலின் மணமேற்றிய இனிப்பு மது, எலுமிச்சைச் சாறு. இந்த மூன்றையும் பனிக்கட்டியோடு குலுக்கி, விளிம்பில் உப்பு ஒட்டிய கோப்பையில் வடித்தால் மார்கரீட்டா. கோடைக்கென்றே பிறந்தது போன்ற இந்தப் பானத்தின் செய்முறையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால், சொற்கள்தான் முதலில் வம்பு செய்யும். ‘லைம் ஜூஸ்’ என்பதைச் ‘சுண்ணாம்புச் சாறு’ என்று ஒருவர் பெயர்த்திருந்ததைப் படித்திருக்கிறேன். பாவம், அகராதியை நம்பியவர்; ஆங்கிலத்தில் சுண்ணாம்பும் ‘லைம்’தான்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ஸ்பானிய மொழியில் மார்கரீட்டா என்றால் டெய்சிப் பூ. பெண்களுக்கு வைக்கும் பெயரும்கூட. லத்தீனில் இதே சொல்லுக்கு முத்து என்று பொருள். லத்தீன் அதைக் கிரேக்கத்தின் ‘மார்கரிட்டேஸ்’ என்பதிலிருந்து எடுத்துக்கொண்டது. கிரேக்கத்துக்கு அது பாரசீக மொழிக் குடும்பத்திலிருந்து போயிருக்கலாம் என்பார்கள். ‘உங்கள் முத்துகளைப் பன்றிகள்முன் போடாதேயுங்கள்’ என்கிறது மத்தேயு சுவிசேஷம். அந்த முத்துகளுக்குக் கிரேக்க மூலத்தில் இருப்பது இந்தச் சொல்தான்.

இதன் உறவுமுறை நாம் நினைப்பதைவிடப் பெரிது. மார்கரெட் என்ற பெயர் நேர்வழி வாரிசு. 1813இல் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கொழுப்பிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தார். அது முத்துப்போல் பளபளத்ததால் முத்தின் கிரேக்கப் பெயரையே அதற்கு வைத்தார். வெண்ணெய்க்கு மாற்றாக 1869இல் வந்த மார்கரினுக்குப் பெயர் கொடுத்தது அந்த அமிலம். ஆக, ரொட்டியில் தடவும் மார்கரினும் கோப்பையில் ஊற்றும் மார்கரீட்டாவும் பங்காளிகள்.

பூவின் பெயர் மதுவுக்கு எப்படி வந்தது? உரிமை கொண்டாடுபவர்களுக்குப் பஞ்சமில்லை. 1938இல் மெக்சிகோவின் எல்லை நகரான டிஹுவானா அருகே கார்லோஸ் ஹெரேரா ஒரு நடிகைக்காகக் கலந்தார் என்பார்கள். 1942இல் ஹுவாரெஸ் நகரில் பான்ச்சோ மொராலெஸ் உருவாக்கினார் என்பார்கள். 1948இல் அகபுல்கோவில் தம் வீட்டு விருந்தில் நானே கலந்தேன் என்றார் மார்கரீட்டா சேம்ஸ் என்ற சீமாட்டி. எல்லாமே கேட்கச் சுவையான கதைகள். எனக்கு நம்பத் தோன்றுவது இவற்றில் எதுவும் இல்லை. அகராதி சொல்லும் கதைதான்.

19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்காவில் ‘டெய்சி’ என்றொரு பான வகை இருந்தது. ஏதாவது ஒரு வடிமது, புளிப்புக்கு எலுமிச்சை, இனிப்புக்கு ஒரு மணமது (மணமேற்றிய இனிப்பு மது) அல்லது பாகு: இதுதான் அதன் இலக்கணம். 1936இல் அயோவா மாநிலப் பத்திரிகையாசிரியர் ஒருவர் டிஹுவானாவுக்குப் போய் வந்து, அங்கே குடித்த ‘டெக்கீலா டெய்சி’யைப் பற்றி எழுதினார். டெய்சியை ஸ்பானியத்தில் சொல்லிப் பாருங்கள். மார்கரீட்டா! எல்லைக்கு அப்பால் போன சொல் உள்ளூர்ச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. 1937இல் லண்டனில் வெளியான ஒரு மதுக்கலவை நூலில் இதே மூன்று பொருள்களும் ‘பிக்கடார்’ என்ற பெயரில் இருக்கின்றன. ஆகவே கலவையைக் கண்டுபிடித்தவர் யார் என்ற சண்டையில் பெரிய பொருள் இல்லை. பெயர்தான் புதிது.

பெயரே ஒரு மொழிபெயர்ப்பு என்றால் தமிழிலும் பெயர்த்துவிடலாமே என்று தோன்றும். நானும் முயன்று பார்த்தேன். ‘முத்து’ என்றால் கோப்பைக்குள் முத்தைத் தேடுவார்கள். டெய்சி என்ற ஆங்கிலச் சொல் ‘பகலின் கண்’ என்ற பழந்தொடரிலிருந்து வந்தது, விடியலில் இதழ் விரிப்பதால். அதை வைத்து ‘பகற்கண்’ என்று எழுதிப் பார்த்தேன். கண் மருத்துவம்போல் ஒலித்தது. பெயர்ச்சொல் பெயராகவே இருக்கட்டும்.

எழுத்துக்கூட்டலில் மட்டும் ஒரு குறிப்பு. ‘மார்க்கரிட்டா’ என்று க் இரட்டித்தால் ‘மார்க்கம்’போல் வல்லொலி வந்துவிடும். ஒற்றைக் ககரம் போட்டால் ‘மார்கழி’யில் வருவதுபோல் மெல்ல உரசும், ஸ்பானியர் உச்சரிப்பதும் அப்படித்தான். அவர்கள் நாவில் கடைசி எழுத்து ‘த்தா’. ஆனால் ஆங்கிலம் வழியாக வந்த ‘ட்டா’ ஊன்றிவிட்டது. இனி அதைப் பிடுங்கப் போவதில்லை.

பொதுச்சொற்களுக்குத் தமிழ் வேண்டும். காக்டெயிலைக் ‘கலப்பு மது’ என்றால் கலப்படத்தின் வாடை அடிக்கிறது. ‘மதுக்கலவை’ நேராக இருக்கிறது. டெக்கீலா மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். அதை மாற்றக் கூடாது. ஆனால் அதைக் ‘கள்ளி மது’ என்று எழுதுவது பிழை. நீலக் கற்றாழையின் அடித்தண்டை வேகவைத்து, சாறெடுத்து, நொதிக்கவைத்து வடிப்பது அது. கள்ளிக்கும் அதற்கும் உறவில்லை. சோற்றுக்கற்றாழையும் வேறு செடி. வேலியோரத்து ஆனைக்கற்றாழைதான் நெருங்கிய சொந்தம்.

டெக்கீலா போன்ற வடித்த மதுக்களின் வகைப்பெயருக்கு எனக்குப் பிடித்தது ‘தேறல்’. தேறுதல் என்றால் தெளிதல். ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்கிறது புறநானூற்றின் 56ஆம் பாடல். கப்பலில் வந்த மதுவுக்கே அன்று தமிழ்ப் பெயர் இருந்தது. ஆனால் அக்காலத் தேறல் வாலையில் (காய்ச்சி வடிக்கும் கலத்தில்) வடித்தது அன்று என்பதால், செய்முறைக் குறிப்பில் ‘வடிமது’ என்றே எழுதுகிறேன்.

ஆரஞ்சுத் தோலின் மணமேற்றிய அந்த இனிப்பு மதுவின் பெயரான ‘டிரிபிள் செக்’ ஒரு விந்தை. பிரெஞ்சில் ‘செக்’ என்றால் உலர்ந்தது. மதுவைப் பற்றிப் பேசும்போது இனிப்பில்லாதது. குடித்துப் பார்த்தால் நல்ல இனிப்பு. ‘ஆரஞ்சு மணமது’ என்றால் குழப்பமில்லை.

இனிச் செய்முறை. பன்னாட்டு மதுக்கலவையாளர் சங்கத்தின் அளவு: டெக்கீலா 50 மில்லி, ஆரஞ்சு மணமது 20, அப்போது பிழிந்த எலுமிச்சைச் சாறு 15. கோப்பையின் வெளிவிளிம்பில் மட்டும் எலுமிச்சைத் துண்டைத் தேய்த்து, தட்டில் பரப்பிய கல்லுப்புப் பொடியில் பாதி வட்டத்தை ஒற்றுங்கள். உள்விளிம்பில் ஒட்டினால் உப்பு பானத்தில் விழுந்து கெடுக்கும். உப்பு வெறும் அழகுக்கு இல்லை, கசப்பை அடக்குகிறது. குலுக்கும் குடுவை இல்லையென்றால் இறுக மூடும் ஜாடி போதும். பனிக்கட்டி நிரப்பிப் பத்துப் பதினைந்து நொடி வேகமாகக் குலுக்குங்கள். கட்டிகள் கடகடவென்று மோதும் ஒலி மெல்ல மழுங்கும், ஜாடியைப் பிடித்த விரல் மரத்துப்போகும். அப்போது வடிக்கலாம். உருகிச் சேர்ந்த நீரும் செய்முறையில் ஒரு பொருள்தான்.

ஆரஞ்சு மணமதுவுக்குப் பதில் கற்றாழைப் பாகு சேர்த்தால் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த ‘டாமீஸ் மார்கரீட்டா’. டெக்கீலாவும் பாகும் ஒரே செடியிலிருந்து வருவதால் சுவை நன்றாகவே ஒட்டுகிறது. கறாராகப் பார்த்தால் ஆரஞ்சு போனதும் பழைய கலவை போய்விட்டது; பூவின் பெயர் மட்டும் கோப்பையில் மிச்சம்.