வேலைக்குப் போனால் உதவித்தொகை நின்றுவிடுமா? பிரிட்டனில் இளம் பெற்றோருக்கான கணக்கு

பிரிட்டனில் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அரசு மாதந்தோறும் தரும் யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகையைப் பெறும் இளம் தாய்மாரிடம் வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான்: “வேலைக்குப் போனால் வருகிற காசு நின்றுவிடுமாமே?”

நிற்காது, குறையும். எவ்வளவு குறையும் என்பதற்குத் தெளிவான விதி இருக்கிறது. அந்த விதிப்படி கணக்குப் போட்டால், பெரும்பாலானோருக்கு மாத முடிவில் முன்பைவிடக் கூடுதலாகவே கையில் மிஞ்சும். சிக்கல் தேதிகளில்தான் இருக்கிறது. நர்சரிக்கு முன்பணம் இன்றே கட்ட வேண்டும். சம்பளம் மாதக் கடைசியில் வரும். நர்சரிச் செலவில் அரசு தரும் பங்கு அதற்கும் பிறகு வரும். இந்த இடைவெளியைக் கடக்கவும் உதவி உண்டு. ஆனால் அது தானாக வராது, கேட்டால்தான் கிடைக்கும். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

கீழே வரும் தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. இவற்றில் பல ஒவ்வோர் ஏப்ரலிலும் மாறும்; இன்றைய தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விதிகளின் அடிப்படை பெரும்பாலும் அப்படியே இருக்கும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விசாவில் “பொது நிதி உதவி பெறக் கூடாது” என்ற நிபந்தனை உள்ளவர்கள் யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்தால் அது விசா நிபந்தனையை மீறுவதாகிவிடும். யாரோ சொன்னார்கள் என்று விண்ணப்பிக்காமல், குடிவரவுச் சட்டம் அறிந்த ஆலோசகரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் நிரந்தர வதிவிட அனுமதி பெற்றவர்களுக்கும் பொதுவாக இந்தத் தடை இல்லை.

சம்பளம் வந்தால் எவ்வளவு வெட்டுவார்கள்?

குழந்தை உள்ளவர்களுக்குச் சம்பளத்தின் முதல் பகுதி முழுமையாக விட்டுவைக்கப்படுகிறது. இதற்கு வொர்க் அலவன்ஸ் என்று பெயர். யூனிவர்சல் கிரெடிட்டில் வீட்டு வாடகை உதவியும் பெறுகிறவருக்கு மாதம் 411 பவுண்ட்; வாடகை உதவி பெறாதவருக்கு 684 பவுண்ட். வரியும் நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுப் பிடித்தமும் போகக் கைக்கு வரும் சம்பளத்தில் இந்தத் தொகையைத் தொடமாட்டார்கள். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் உதவித்தொகையில் குறையும், 45 பென்ஸ் உங்களுக்கு. 2021 இறுதி வரை இந்த வெட்டு 63 பென்ஸாக இருந்தது. பழைய கணக்கை நினைவில் வைத்திருக்கும் உறவினர்கள் “உழைத்து என்ன பயன்” என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 22 வயதுத் தாய், இரண்டு வயதுக் குழந்தை, துணைவர் இல்லை. மாத வாடகை 750 பவுண்ட் என்றும் அது முழுவதும் உதவித்தொகையில் அடங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். வேலைக்குப் போகாதபோது அவருடைய அடிப்படைத் தொகை 316.98, குழந்தைக்கு 292.81, வாடகை 750. கூட்டினால் மாதம் 1,359.79 பவுண்ட்.

இப்போது அவர் வாரம் 20 மணி நேரம், மணிக்கு 12.21 பவுண்ட் என்ற குறைந்தபட்சச் சம்பளத்தில் வேலைக்குச் சேர்கிறார். மாதம் ஏறத்தாழ 1,055 பவுண்ட் கைக்கு வரும். அதில் 411 கழிந்தால் 644. அதில் 55 சதவீதம் 354.20. உதவித்தொகை குறைவது இவ்வளவுதான். சம்பளமாக 1,055 உள்ளே வருகிறது, 354.20 குறைகிறது, மிச்சம் 700.80 பவுண்ட்.

நர்சரிச் செலவை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவர் நர்சரிக்கு மாதம் 300 பவுண்ட் கட்டுகிறார் என்றால், அதில் 85 சதவீதமான 255 பவுண்ட் யூனிவர்சல் கிரெடிட்டுடன் சேர்ந்து வரும். அவர் கையிலிருந்து போவது 45 பவுண்ட். ஆக, வேலைக்குப் போவதால் மாதம் சுமார் 655 பவுண்ட் கூடுதலாக நிற்கிறது. பஸ் செலவும் மதியச் சாப்பாட்டுச் செலவும் இதிலிருந்து போகும் என்பது உண்மை. அப்போதும் இது சின்னத் தொகை இல்லை.

25 வயதுக்குக் குறைந்தவருக்கு ஏன் குறைவு?

மேலே சொன்ன 316.98 பவுண்ட், 25 வயது நிரம்பாத தனிநபருக்கான அடிப்படைத் தொகை. 25 வயது நிரம்பியவருக்கு 400.14. வித்தியாசம் மாதம் 83.16 பவுண்ட். முன்பிருந்த இன்கம் சப்போர்ட் என்ற உதவித்தொகை முறையில் 18 வயது நிரம்பிய தனித்தாய்க்குப் பெரியவர்களுக்கான முழுத் தொகையும் கிடைத்தது. யூனிவர்சல் கிரெடிட் வந்தபோது அது போய்விட்டது. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். பால்மாவும் டயப்பரும் தாயின் வயதைப் பார்த்து விலை குறைவதில்லை. வயது குறைந்தவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளமும் குறைவு: 18 முதல் 20 வயது வரை மணிக்கு 10 பவுண்ட், 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு 7.55. அப்ரன்டிஸ்களில் (வேலை செய்துகொண்டே தொழில் பயில்பவர்கள்) பலருக்கும் அந்த 7.55தான். ஆனால் வொர்க் அலவன்ஸுக்கும் நர்சரிச் செலவில் கிடைக்கும் 85 சதவீதத்துக்கும் வயது வேறுபாடு கிடையாது.

நர்சரிப் பணம்: விதிகளில் கவனம்

85 சதவீதத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. 2025-26இல் அது ஒரு குழந்தைக்கு மாதம் 1,031.88 பவுண்ட், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 1,768.94 பவுண்ட் என்று இருந்தது. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இதற்கு இல்லை. சில மணி நேர வேலையானாலும் கேட்கலாம். தம்பதியாக இருந்தால் பொதுவாக இருவரும் வேலையில் இருக்க வேண்டும். ஒருவர் நோயாலோ இயலாமையாலோ குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால் விலக்கு உண்டு. நர்சரியோ, தன் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சைல்ட் மைண்டரோ பதிவு பெற்றிருக்க வேண்டும். இங்கிலாந்தில் அந்தப் பதிவு ஆஃப்ஸ்டெட் என்ற அரசுக் கண்காணிப்பு அமைப்பிடம்.

பணம் கட்டிய ரசீதை யூனிவர்சல் கிரெடிட் கணக்கில் உடனே பதிவு செய்யுங்கள். கட்டிய கணக்கீட்டு மாதத்திலோ, அதிகம் போனால் அடுத்த கணக்கீட்டு மாதம் முடிவதற்குள்ளோ தெரிவிக்க வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் அதற்குப் பிறகு தெரிவித்தால் அந்தத் தொகையை இழக்க நேரிடலாம். கணக்கீட்டு மாதம் என்பது நாட்காட்டி மாதம் அல்ல. நீங்கள் முதன்முதலில் விண்ணப்பித்த தேதியிலிருந்து தொடங்கும் மாதம் அது. அந்தத் தேதியைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டிவைத்தாலும் தவறில்லை.

இதோடு, இங்கிலாந்தில் வேலை செய்யும் பெற்றோருக்கு இலவச நர்சரி நேரமும் உண்டு. 2025 செப்டம்பரிலிருந்து, 9 மாதக் குழந்தை முதல் பள்ளியில் சேரும் வயது வரை, வாரம் 30 மணி நேரம், ஆண்டில் 38 வாரம். இதற்கு மட்டும் குறைந்தபட்ச வருமானம் தேவை: மூன்று மாதத்தில் 2,539 பவுண்ட் சம்பாதிக்க வேண்டும். 18 முதல் 20 வயதுக்காரருக்கு அது 2,080. 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்கும் அப்ரன்டிஸுக்கும் 1,570. அவரவர் வயதுக்குரிய குறைந்தபட்சச் சம்பளத்தில் வாரம் 16 மணி நேர வேலை என்பதே இந்தக் கணக்கின் அடிப்படை.

பலர் இடறுவது இங்கேதான். இலவச நேரம் பருவத் தொடக்கத்தில்தான் ஆரம்பிக்கும். செப்டம்பர் பருவத்துக்கு ஆகஸ்ட் 31, ஜனவரிப் பருவத்துக்கு டிசம்பர் 31, ஏப்ரல் பருவத்துக்கு மார்ச் 31 ஆகிய தேதிகளுக்குள் இலவச நேரத்துக்கு விண்ணப்பித்தால் அரசு தரும் குறியீட்டு எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். அக்டோபரில் வேலையில் சேர்கிறவருக்கு ஜனவரியில்தான் இலவச நேரம் கிடைக்கும். நடுவில் உள்ள மாதங்களுக்கு முழுக் கட்டணம் கட்ட நேரிடலாம். அப்போது அந்த 85 சதவீதம்தான் தாங்கிப்பிடிக்கும். குறியீட்டு எண்ணை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் மறக்கக் கூடாது. விண்ணப்பப் படிவத்தில் வரிவிலக்குக் குழந்தைப் பராமரிப்புத் திட்டமும் சேர்ந்தே வரும். அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், யூனிவர்சல் கிரெடிட்டையும் அதையும் ஒரே நேரத்தில் பெற முடியாது.

முதல் மாதத்தைத் தாண்டுவது எப்படி?

வேலை உறுதியானதும், சேரும் தேதிக்கு முன்பே, ஜாப் சென்டர் என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உங்களுக்கான அலுவலரிடம் (வொர்க் கோச்) இதைக் கேளுங்கள்: “ஃபிளெக்சிபிள் சப்போர்ட் ஃபண்டிலிருந்து என் முதல் நர்சரிக் கட்டணத்தைக் கட்ட முடியுமா?” இந்த நிதி கடன் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டாம். நர்சரி முன்கூட்டியே கேட்கும் கட்டணத்துக்கும் வைப்புத் தொகைக்கும் இது உதவும். வேலைக்குத் தேவையான உடை, கருவி, முதல் நாட்களின் பயணச் செலவு ஆகியவற்றுக்கும் கேட்கலாம். கொடுப்பதா வேண்டாமா என்பது அலுவலரின் முடிவுதான். ஆனாலும் நர்சரியின் கட்டண விவரத்தையும் வேலைக் கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு கேட்பவருக்கு மறுப்பது எளிதல்ல. வாயால் கேட்டதை அன்றே உங்கள் யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் உள்ள ஜர்னல் என்ற செய்திப் பகுதியிலும் எழுதிவிடுங்கள். நாளைக்கு யாராவது “நீங்கள் கேட்கவே இல்லையே” என்றால் காட்டுவதற்குத் தேதியோடு ஒரு பதிவு இருக்கும்.

இது கிடைக்காவிட்டால் பட்ஜெட்டிங் அட்வான்ஸ் என்ற வட்டியில்லாக் கடன் இருக்கிறது. குழந்தை உள்ளவருக்கு 812 பவுண்ட் வரை. வழக்கமாக ஆறு மாதம் உதவித்தொகை பெற்றிருக்க வேண்டும். வேலையில் சேருவதற்காகக் கேட்டால் அந்த ஆறு மாத நிபந்தனை இல்லை. ஆனால் கடன் கடன்தான். அடுத்து வரும் மாதங்களில் உதவித்தொகையிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். அதனால் இதை இரண்டாவது வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளத் தேதியையும் வேலைக் கடிதத்தில் பாருங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் தருகிற இடமென்றால், ஆண்டில் ஒரு கணக்கீட்டு மாதத்தில் இரண்டு சம்பளம் விழும். அந்த மாதம் உதவித்தொகை வெகுவாகக் குறையும், சிலருக்குப் பூஜ்ஜியமாகவே ஆகிவிடும். எதிர்பாராமல் பார்த்தால் நெஞ்சு பதறும். முன்பே தெரிந்தால் அந்த இரண்டாவது சம்பளத்தை எடுத்து வைக்கலாம். மாதச் சம்பளக்காரர்களுக்கு, வார இறுதியாலோ வங்கி விடுமுறையாலோ சம்பளம் முன்கூட்டி வந்து இரண்டும் ஒரே மாதத்தில் விழுந்தால், ஒன்றை வேறு மாதத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். நான்கு தனித்தாய்மார் வழக்குத் தொடுத்து 2020 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றதால்தான் இந்த வழி பிறந்தது. அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

சம்பளம் கூடி உதவித்தொகை முற்றிலும் நின்றுபோனாலும் அஞ்ச வேண்டாம். ஆறு மாதத்துக்குள் வேலை போனால் பழைய கணக்கிலேயே எளிதாக மறுபடி கேட்கலாம்.

எவை போகும், எவை போகாது?

குழந்தை வளர்ப்புக்கு அரசு தனியே தரும் சைல்ட் பெனிஃபிட் அப்படியே வரும்: மூத்த குழந்தைக்கு வாரம் 26.05 பவுண்ட். உதவித்தொகைக்கு விதிக்கப்படும் மொத்த உச்சவரம்பு உங்களைப் பிடித்திருந்தால், மாதம் 846 பவுண்ட் சம்பாதித்ததும் அது விலகும். இதனால் லண்டன் போன்ற வாடகை மிகுந்த இடங்களில் இருப்பவர்களுக்கு வேலைக்குப் போவது இரட்டை லாபம்.

போகக்கூடியவையும் உண்டு. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகள் உள்ளவர்களும் பால், பழம் போன்றவை வாங்க உதவும் ஹெல்தி ஸ்டார்ட் அட்டைக்கு மாதச் சம்பளம் 408 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். குழந்தை உள்ளவருக்கு இங்கிலாந்தில் இலவச மருந்துக்கான வரம்பு 935 பவுண்ட். அந்த வரம்பைத் தாண்டிய மாதத்தில் படிவத்தில் “இலவசம்” என்று கையெழுத்திட்டால் பிறகு அபராதக் கடிதம் வரக்கூடும். உள்ளாட்சி மன்றம் வீட்டுக்கு வாங்கும் கவுன்சில் வரியில் கிடைக்கும் தள்ளுபடி இடத்துக்கு இடம் வேறுபடும். வேலை கிடைத்ததைக் கவுன்சிலுக்குத் தனியே தெரிவித்துவிடுங்கள்.

ஸ்காட்லாந்தில் வாழ்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று இருக்கிறது. 16 முதல் 24 வயதுக்குள், ஆறு மாதம் வேலையின்றி உதவித்தொகையில் இருந்தவருக்கு, வாரம் சராசரியாக 12 மணி நேர வேலை கிடைத்தால் ஜாப் ஸ்டார்ட் பேமென்ட் என்று ஒருமுறை பணம் தருகிறார்கள். மற்றவர்களுக்கு 319.80 பவுண்ட், குழந்தையை வளர்ப்பவருக்கு 511.65. திருப்பிக் கட்ட வேண்டாம்.

அம்மம்மா பார்த்துக்கொண்டால்?

நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். தாய் வேலைக்குப் போக, அம்மம்மாவோ அப்பம்மாவோ குழந்தையை வைத்துக்கொள்வார். அவருக்கு நீங்கள் மாதாமாதம் கொடுக்கும் பணத்தில் 85 சதவீதத்தைக் கேட்க முடியாது. அவர் பதிவு பெற்ற பராமரிப்பாளர் அல்ல.

ஆனால் அவருக்கு வேறொன்று கிடைக்கும். அரசு ஓய்வூதிய வயதை அவர் இன்னும் எட்டாதவராக இருந்து, 12 வயதுக்குக் குறைந்த பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், அந்தக் காலத்துக்கான நேஷனல் இன்சூரன்ஸ் கிரெடிட்டை, அதாவது அரசு ஓய்வூதியத்துக்கான ஆண்டுக் கணக்கில் சேரும் பதிவை, அவர் பெயருக்கு மாற்றலாம். சைல்ட் பெனிஃபிட் பெறும் தாயின் பெயரில் அந்தக் கிரெடிட் விழுகிறது. தாய் வேலைக்குப் போய்த் தன் சம்பளத்திலேயே அந்த ஆண்டை நிரப்பிவிட்டால் அது அவருக்குத் தேவைப்படாது. இருவரும் கையெழுத்திட்டு வரித்துறைக்கு ஒரு படிவம் அனுப்பினால் போதும். நிதியாண்டு முடிந்த பிறகு, அக்டோபர் 31 கழிந்ததும் விண்ணப்பிக்க வேண்டும். 2011 ஏப்ரல் முதல் இந்த வசதி இருக்கிறது. பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கேட்கலாம். ஐம்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்து, ஓய்வூதியத்துக்குத் தேவையான குறைந்தபட்சம் 10 ஆண்டுகளைச் சேர்க்கப் பாடுபடும் ஓர் அம்மம்மாவுக்கு, பேரக்குழந்தையோடு கழித்த அந்த ஆண்டுகள் அப்படியே கணக்கில் ஏறும்.