தொடை இடுக்கில் வலியா? குளிசைக் கவரையும் கொண்டு வாருங்கள்

தேயிலைக் கொழுந்து பறிப்பவருக்கு இடுப்பு வலித்தால் எங்கள் பக்கத்தில் அது வாயு. செடியைக் கவ்வாத்து வெட்டுபவருக்கு வலித்தாலும் வாயுதான். பெரும்பாலும் தசைப்பிடிப்போ தேய்மானமோதான் இருக்கும். ஆனால் வலி தொடை இடுக்கில் தொடங்கி, காலை உள்பக்கம் திருப்பும்போது சுரீரென்று பிடித்து, மேட்டில் ஏறினால் நொண்ட வைக்கிறது என்றால் நான் முதலில் கேட்பது: "என்ன குளிசை போட்டீங்க? எவ்வளவு காலமா?"

தொடை எலும்பின் பந்துமுனைக்கு, அதன் கழுத்தையொட்டி ஏறும் மெல்லிய நாளங்கள் வழியாகத்தான் பெரும்பகுதி இரத்தம் போகிறது. அவை அடைபட்டால் எலும்பு உள்ளேயே செத்து, பிறகு பந்து நசுங்கும். அடிபடாமலே இது வர முக்கியக் காரணங்கள் இரண்டு: நெடுங்கால அதிகக் குடி, ஸ்டீராய்ட் மருந்து. சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி, உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கோர்டிசோலைத் தானே மிதமிஞ்சிச் சுரந்தும், அரிதாக, வருவதுண்டு. ஸ்டீராய்ட் மருந்து மிஞ்சினாலும் கோர்டிசோல் மிஞ்சினாலும் முகம் உருண்டு, தோல் மெலிந்து, தொட்டாலே கன்றிப்போகும். ஊரில் இதைப் பார்த்து 'உடம்பு தேறிட்டாரு' என்பார்கள்!

மூச்சு இழுப்புக்கும் மூட்டுவலிக்கும் சீட்டில்லாமல் வாங்கும் பிரெட்னிசோலோனும் டெக்ஸாமெதசோனும் ஸ்டீராய்ட்தான். வலி சட்டென்று குறையும், பசியும் எடுக்கும். அதனால்தான் 'நல்ல குளிசை' என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கைமாறுகிறது. பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம் குளிசை ஒன்று, சுரப்பி ஒரு நாளில் சுரக்கும் கோர்டிசோலுக்கு ஏறக்குறைய ஈடு. அதற்கு மேல் வாரக்கணக்கில் விழுங்கினால் சுரப்பி தூங்கிவிடும்.

இதைப் படித்த கையோடு குளிசையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த இழுப்புப் பம்பைக் கண்டும் பயப்பட வேண்டாம். அதிலுள்ள அளவு மிகக் குறைவு.

இன்னொரு சிக்கல்: இடுப்பின் நோய் முழங்காலில் வலியாய்த் தெரியும். முழங்காலையே படமெடுத்து 'ஒண்ணுமில்ல' என்று திரும்புகிறவர்கள் உண்டு. இடுப்பை எடுத்தாலும் ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.தான் காட்டும். அதற்காகக் கண்டி வரை போனால் ஒரு நாள் பேரு (நாட்கூலி) போகும்தான். பந்து நசுங்குவதற்குமுன் தெரிந்தால் எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கலாம். நசுங்கியபின் பலருக்கு மூட்டையே மாற்ற வேண்டிவரும். ஸ்டீராய்டால் வந்தது பல நேரம் இரண்டு பக்கமும் இருக்கும். வலிக்காத இடுப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.