வீதி ஒரு மோசமான வாத்தியார்

அக்காவின் மகன் போன மாதம் மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் எடுத்தான். வயது 18. எழுத்துப் பரீட்சை, ட்ரையல் இரண்டும் முதல் தடவையிலேயே பாஸ். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திருகோணமலை உப்புவெளியிலிருந்து நிலாவெளிக்கு ஓடினான். கியர் மாற்றுவதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் சாம்பல்தீவுப் பக்கம் வீதியோரம் ஆட்களை இறக்கிக்கொண்டு நின்ற ஒரு பஸ்ஸைக் கடந்தபோது எனக்கு நெஞ்சு பக்கென்றது. பஸ்ஸின் முன்பக்கத்தால் யாராவது குறுக்கே வரக்கூடும் என்ற நினைப்பே அவனிடம் இல்லை. வேகம் இம்மியும் குறையவில்லை. யாரும் வரவில்லை.

"பாத்தீங்களா மாமா, நல்லாத்தானே ஓடுறன்" என்றான்.

யாரும் வரவில்லை என்பதுதான் இங்கே சிக்கல். மூளை விளைவைப் பார்த்துத்தான் பழகுகிறது. சூடான சட்டியைத் தொட்ட பிள்ளைக்கு ஒரே தடவையில் பாடம் ஏறிவிடும். வீதியில் அப்படி இல்லை. வளைவில் ஓவர்டேக் பண்ணுகிறோம், எதிரே வாகனம் இல்லை. போனைப் பார்த்தபடி ஓடுகிறோம், ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மூளை "இது சரிவந்தது" என்று குறித்துக்கொள்கிறது. பிழைக்கு உடனே அடி கொடுக்காத வாத்தியாரிடம் படித்தால் பிழைதான் பழக்கமாகும். "இருபது வருசமா ஓடுறன், ஒரு கீறல் இல்லை" என்று சொல்பவரின் பேச்சை நான் முழுதாக நம்பாததற்குக் காரணம் இதுதான்.

சரி, அவன் அந்தப் பஸ்ஸைப் பார்க்கவில்லையா? பார்த்தான். எங்கே பார்த்தான் என்பதுதான் கேள்வி. 1972இல் மொரான்ட், ரொக்வெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் சாரதிகளின் கண் அசைவைப் பதிவு செய்தார்கள். புதிதாக ஓடப் பழகுபவர்களின் பார்வை வாகனத்துக்குக் கிட்டவே, ஒரு சின்ன வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடியைப் பார்ப்பதும் குறைவு. பழகியவர்களின் கண் தூரத்திலும் பக்கவாட்டிலும் மேய்ந்தது. ஓடும் கை சில மாதங்களில் தேறிவிடும். கண் தேற வருடங்கள் எடுக்கும். ட்ரையலில் பெரும்பாலும் கையைத்தான் பார்க்கிறார்கள்.

அனுபவசாலியின் கண்ணும் ஏமாறும். ஒழுங்கையிலிருந்து பிரதான வீதிக்கு ஏறும் கார் நேராக வந்த மோட்டார் சைக்கிளை இடிக்கும். கார்க்காரர் இறங்கி, "பாத்திட்டுத்தான் எடுத்தன், காணேல்ல" என்பார். பொய் என்று சுற்றி நிற்பவர்கள் கத்துவார்கள். அது பொய்யாக இருக்க வேண்டும் என்றில்லை. நம் கண்ணில் கூர்மையாகத் தெரியும் பகுதி மிகச் சிறியது: கையை நீட்டிப் பெருவிரலைப் பிடித்தால் அந்த நகத்தை விடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். மீதியெல்லாம் மங்கல். அதனால் கண் இங்கும் அங்கும் தாவித் தாவி வீதியைப் பொறுக்குகிறது. தாவும் கணத்தில் வரும் காட்சியை மூளை அடக்கிவிட்டு, இடைவெளியைத் தானாகவே நிரப்பிக்கொள்ளும். தலையைச் சடாரென்று இரண்டு பக்கமும் திருப்பினால் கண் இரண்டு மூன்று இடத்தில்தான் தரிக்கும். அந்த இடைவெளிக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் முழுதாக மறையும்.

கண்டாலும் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. ஒரே வேகத்தில், ஒரே தூரத்தில் லொறியும் மோட்டார் சைக்கிளும் வந்தால், சின்னது வந்துசேர இன்னும் நேரம் இருப்பதாகவே நமக்குப் படும். லொறிக்கு வழிவிட்டு நிற்பவர் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் வெட்டிப் போவது திமிரால் மட்டும் அல்ல.

வேகத்தின் கணக்கு இன்னும் பொல்லாதது. இலங்கையில் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஊருக்குள் மணிக்கு 50, வெளியே 70 கிலோமீற்றர்தான் உச்ச வேகம். 20தானே வித்தியாசம் என்று தோன்றும். ஒரு பிள்ளை குறுக்கே ஓடுகிறது என்று வையுங்கள். கண்டு, விளங்கி, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரைச் செக்கன் போகட்டும். 50இல் வருபவர் அதற்குள் 21 மீற்றர் போய்விடுவார். காய்ந்த நல்ல வீதியில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 14 மீற்றர். ஆக 35 மீற்றரில் பிள்ளைக்கு முன்னால் மயிரிழையில் நின்றுவிடுவார். அதே இடத்தில், அதே பிள்ளையைக் கண்டு 70இல் வருபவர் பிரேக்கில் கால் வைக்கும்போதே 29 மீற்றர் கடந்திருப்பார். மிச்சம் 6 மீற்றர். அதற்குள் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டால், பிள்ளை நிற்கும் இடத்தில் வாகனத்தின் வேகம் ஏறத்தாழ 62. மனம் 20 என்று எதிர்பார்க்கிறது, பௌதிகம் 62 என்கிறது. பிரேக் அழிக்க வேண்டியது வேகத்தின் வர்க்கத்தை என்பதால் வரும் வினை இது. போனில் 5 செக்கன் குனிந்தால், 70இல் 97 மீற்றர் வீதியைப் பார்க்காமலே ஓடியிருப்போம்.

மழை வந்தால் இது இன்னும் நீளும். திருகோணமலையில் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த தாரில் எண்ணெயும் தூசியும் படிந்திருக்கும். வாடைக்கால முதல் மழையின் முதல் சில நிமிடங்களில் அது கூழாகி வழுக்கும். கொட்டோ கொட்டென்று கொட்டும் மழையை விட அந்தத் தூறல்தான் ஆட்களை விழுத்துகிறது.

அப்போ வழுக்கும் வீதியில் ஓடப் பழக்கினால் போதாதா? நோர்வேயில் அதைச் செய்தார்கள். இளம் சாரதிகளுக்கு வழுக்குப் பாதையில் கட்டாயப் பயிற்சி. ஆய்ந்து பார்த்தபோது, இளம் ஆண்களுக்கு வழுக்கல் விபத்துகள் குறையவில்லை, கூடின. "எனக்குத்தான் தெரியுமே" என்ற துணிவு வேகமாக மாறிவிட்டது. சாரதிக்குக் கல்வி வேண்டும் என்று மேடையில் பேசுபவர்கள் இந்த விசயத்தைச் சொல்வதில்லை. எந்தக் கல்வி என்பது முக்கியம். பிரித்தானியாவில் 2002 முதல் எழுத்துப் பரீட்சையோடு வீடியோ காட்டி, ஆபத்து உருவாகத் தொடங்கும் கணத்தில் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். நியூசிலாந்து 1987இலேயே லைசன்ஸைப் படிப்படியாகக் கொடுக்கத் தொடங்கியது: தொடக்கத்தில் இரவில் தனியே ஓடக்கூடாது, கூட்டாளிகளை ஏற்றக்கூடாது. இருபதைத் தொடும் வயதில் பின்சீட்டில் நண்பன் இருந்தால் கை முறுக்குவது கூடும். விளைவை நினைத்து நிதானிக்கும் மூளைப் பகுதி முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும்.

நாற்பது வயதில் பாடம் வேறு. பகல் முழுக்க ஹயர் ஓடிவிட்டு, இரவு 11 மணிக்கு வெளிநாடு போகும் ஆளை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேன் எடுக்கும் சாரதியை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுசாரம் உள்ளவருடையதைப் போலக் குறைகிறது என்று 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. கந்தளாய் தாண்டி ஹபரணைக் காட்டுக்குள் நுழையும்போது கண் திறந்தபடியே மூளை இரண்டு மூன்று செக்கன் தூங்கும். யானை நிற்கும் வீதி அது. பிளேன்டீயும் வெற்றிலையும் கொஞ்ச நேரம் தாங்கும். இருபது நிமிடத் தூக்கம் அதை விடத் தாங்கும்.

அறுபதில் கண் மாறிவிடும். கண்மணி சுருங்கி, வில்லை மஞ்சளாகி, 20 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் மூன்றிலொரு பங்குதான் உள்ளே போகும். எதிரே வரும் லைட் கூசிய பிறகு பார்வை திரும்பவும் நேரம் எடுக்கும். அப்பா மாலை ஆறு மணிக்குப் பிறகு வண்டி எடுப்பதை நிறுத்தினார். யாரும் சொல்லவில்லை, திருகோணமலைக் கோட்டை வாசலில் படுத்திருந்த மானைக் கடைசி நிமிடத்தில்தான் கண்டாராம். அவர் 18 வயதில் எடுத்த லைசன்ஸில் இருந்த கண் அவரிடம் இப்போது இல்லை.

நிலாவெளியிலிருந்து திரும்பும்போது மருமகனிடம் ஒரு விளையாட்டுச் சொன்னேன். கண்ணில் படுவதையும், அது அடுத்து என்ன செய்யும் என்பதையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். சில நாடுகளில் சாரதிகளுக்கு இப்படிப் பழக்குகிறார்கள். முதலில் வெட்கப்பட்டான். அப்புறம் பிடித்துக்கொண்டான். "பஸ் நிக்குது, முன்னால ஆள் வரலாம். ஆட்டோ, சிக்னல் போடாமத் திரும்பும். சைக்கிள்ல ஐயா, பின்னால பாக்க மாட்டார்." சொல்லச் சொல்ல வேகம் தானாக 40க்கு இறங்கியது. பொழுது பட்டுக்கொண்டிருந்தது.

"மாடு" என்றான் திடீரென்று, பிரேக்கைத் தொட்டபடி.

"எங்கையடா?"

"அங்க, கறுப்பு மாடு, ரோட்டு நடுவில படுத்திருக்கு."

கிட்டப் போன பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. எனக்கு 53 வயது. நாளைக்குக் கண் டொக்டரிடம் நம்பர் எடுத்திருக்கிறேன்.